ஒரு மைல் வலப்புறம்



விமானியாக இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். அட்லாண்டிக் கடலைத் தாண்டும்போது, கொடுத்த வழித்தடத்தின் நடுக்கோட்டில் போகாமல் ஒரு மைல் வலப்புறம் தள்ளித்தான் பறப்பேன் என்றான். அளவுகோல் வைத்துக் கோடு போடச் சொல்லியே காலம் தள்ளிய கணக்கு வாத்தியாருக்கு இது வியப்பாக இருந்தது. ஏனப்பா என்று கேட்டேன்.

காரணம் ஜி.பி.எஸ். முன்பு கடல் மேல் பறக்கும் விமானங்கள் கோட்டிலிருந்து அப்படியும் இப்படியும் சற்று விலகித்தான் போகும். அந்த விலகலே ஒரு பாதுகாப்பு. இப்போது எல்லா விமானமும் பிசகாமல் ஒரே கோட்டில் போகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 1000 அடிதான் இடைவெளி. ஒருவர் உயரத்தில் தவறினாலும், எதிரே வருபவர் நேர் முன்னால் இருப்பார்.

2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் அதுதான் நடந்தது. காட்டுக்கு மேல், ஒரே வழித்தடத்தில், ஒரே 37,000 அடி உயரத்தில், ஒரு போயிங் 737 விமானமும் ஒரு சிறிய ஜெட்டும் எதிரெதிரே வந்தன. இரண்டின் இடது இறக்கைகளும் மோதின. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். சிறிய விமானம் எப்படியோ தரையிறங்கியது. பல தவறுகள் சேர்ந்து நடந்த விபத்து அது. ஆனாலும் இருவரும் அவரவர் வலப்பக்கம் சற்றே விலகிப் பறந்திருந்தால், ஒருவரையொருவர் கடந்து போயிருப்பார்கள்.

வட அட்லாண்டிக்கில் 2004 முதல் இந்த முறை இருக்கிறது. நடுக்கோட்டில் போகலாம், அல்லது வலப்புறம் 2 கடல் மைல் வரை தள்ளிப் போகலாம். இடப்புறம் கூடவே கூடாது. இதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. எதிரெதிரே வரும் இருவரும் ஒரு மைல் விலகினால் நடுவே 2 மைல் கிடைக்கும், கூட்டல் கணக்குத்தான். முன்னே போகும் விமானம் கிளப்பிவிடும் காற்றுச் சுழலிலிருந்தும் தப்பலாம்.

என் மகளும் பேத்தியும் டொராண்டோவிலிருந்து லண்டன் வழியாகத்தான் ஊருக்கு வருவார்கள். அந்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வராது. யாரோ ஒருவர் தவறக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணி, எங்கோ ஒரு விமானி ஒதுங்கிப் பறக்கிறார் என்பது இப்போது பெரிய ஆறுதல்.

உங்களில் விமானத்துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.