சுண்ணாம்பு மண்ணில் எந்த ரோஜா?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். அந்த இரண்டு நாளும் பெரம்பலூர்ப் பக்கத்துப் பூக்காரர்களுக்கு விடியுமுன்னே வேலை தொடங்கிவிடுகிறது. கோயில் தெருவில் மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "ரோஜாவுல எது நல்ல ரோஜாம்மா?" என்று கேட்டேன். கை நாரை விடவில்லை. "கட்டறதுக்கா, மோந்து பாக்கறதுக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் முன்னால் இரண்டு குவியல்கள். ஒன்று வெளிர் ரோஸ் நிறத்துப் பன்னீர் ரோஜா, மற்றது சிவப்பு ரோஜா. ஒவ்வொரு பூவையும் எடுத்ததும் இதழுக்குக் கீழே குமிழாக இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் லேசாக அழுத்திப் பார்க்கிறார். கெட்டியாக இருந்தால் நாருக்குப் போகிறது. நெகிழ்ந்திருந்தால் இதழாக உதிர்ந்து, அர்ச்சனைக்கான உதிரிப்பூக் கூடையில் சேர்கிறது. "பன்னீரு மணக்கும், ஆனா மத்தியானத்துக்கு மேல நிக்காது. செவப்பு நாளைக்கும் நிக்கும், மோந்தா ஒண்ணும் இருக்காது" என்றார். பன்னீர் ரோஜாவை வெயில் ஏறுமுன் அரைமலர்ச்சியில் பறித்திருந்தால்தான் மாலைக்கு வாங்குவாராம். அவர் சொன்ன இரண்டு வரியில் ரோஜா வளர்ப்பின் பழைய சிக்கல் முழுவதும் இருக்கிறது. நாள்பட நிற்கும் பூவைத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்த வளர்ப்பாளர்கள் வழியில் மணத்தைத் தவறவிட்டார்கள்.

நம் பன்னீர் ரோஜாவைத் தோட்டக்கலைத் துறையினர் எட்வர்ட் ரோஜா என்று எழுதுகிறார்கள். போர்பன் என்னும் இனத்தைச் சேர்ந்தது இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், வேலியில் நின்ற சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த இனம். அத்தீவுக்கு அன்று போர்பன் என்று பெயர். பின்னாளில் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறிப் போன அதே தீவுதான். டமாஸ்க் தந்த மணமும், சீன ரோஜா தந்த அடிக்கடி பூக்கும் குணமும் இதில் சேர்ந்திருக்கின்றன.

பெரம்பலூர் நெடுஞ்சாலை ஓரத்து நர்சரி ஒன்றில் வேறு உலகம். மஞ்சள், ஆரஞ்சு, இருநிறம் என்று பைகளில் வரிசையாக நின்றவை பெரும்பாலும் ஓசூர்ப் பக்கமிருந்து வந்த ஒட்டுச் செடிகள். அங்கே வேலை செய்யும் அண்ணன் முன்பு ஓசூரில் கண் ஒட்டு வேலை பார்த்தவர். வேர்ச்செடியின் தண்டில் கத்தி நுனியால் 'டி' வடிவில் கீறி, பட்டையை விலக்கி, உள்ளே கண்ணைச் செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றிக் காட்டினார். கண் மட்டும் வெளியே தெரிந்தது. அது பச்சையாகவே இருந்து சில வாரத்தில் துளிர்த்தால் மேல்தண்டை வெட்டிவிடுவார்கள். "ஒட்டுக்குக் கீழ கெளம்புறதைக் கிள்ளாம விட்டா, வாங்கின ரோஸ் செத்துப்போயி காட்டு ரோஸ்தாங்க மிஞ்சும்" என்றார். வீடுகளில் 'பூத்த செடி பூக்காமல் போச்சு' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அரியலூருக்குள் நுழைந்ததும் கேள்வி பூவிலிருந்து இலைக்கு மாறிவிடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் இது. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் அதே பூமிதான் ரோஜாவுக்கு எதிரி. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நான் பார்த்த வீட்டுத் தோட்டங்களில் ஒட்டு ரோஜாக்களின் இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பலர் இதை நோய் என்று நினைத்துப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், மனம் வருந்துகிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றுடன் கரைத்து மாலையில் தெளித்தாலே தளிர் தேறும். கிணற்று நீரைவிட மழைநீர் நல்லது. அதே மண்ணில், வேலியோரத்தில், சொந்த வேரில் நின்ற பன்னீர் ரோஜாக்கள் பச்சை மாறாமல் இருந்தன. வட இந்தியாவில் எட்வர்ட் ரோஜாவை வேர்ச்செடியாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

நோய் என்றால் ஐப்பசி மழையில் கரும்புள்ளி, மார்கழிப் பனியில் சாம்பல் நோய். கரும்புள்ளிப் பூஞ்சை பற்ற இலையில் சில மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். அதனால் தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் தூரில் ஊற்றுவதே பாதி வைத்தியம். மஞ்சள் ரோஜாக்கள்தான் முதலில் இலை கொட்டுகின்றன. பிரான்சின் ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-டூஷே 1900இல் பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து 'சோலெய் தோர்' வகையை வெளியிட்டார். தோட்ட ரோஜாக்களுக்கு அடர்மஞ்சள் வந்த வழி அது. கரும்புள்ளிக்கு எளிதில் ஆளாகும் குணமும் அதோடு சேர்ந்து வந்தது. பன்னீர் ரோஜாவும் நோயே அண்டாத செடியல்ல; நுனிக்கருகலும் செதில் பூச்சியும் அதையும் பிடிக்கும். ஆனால் தரையோடு வெட்டிவிட்டாலும் மறுபடி எழுந்து பூக்கிறது.

கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் பல்லாண்டுகளாக இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கலந்து, வெப்ப நாட்டுக்கென்றே புதிய வகைகளை உருவாக்கியிருக்கிறார். அவை நம் ஊர் நர்சரிகளுக்கும் வந்து சேர வேண்டும். ஐரோப்பியக் குளிருக்குப் பிறந்தவற்றையே வாங்கி, கருக விட்டு, மறுபடி வாங்கும் செலவு அப்போதுதான் நிற்கும்.

அரியலூர், பெரம்பலூர் மண்ணில் முதல் ரோஜா வைப்பவருக்கு என் தீர்ப்பு பன்னீர் ரோஜாதான். நிறமும் நாள்பட நிற்பதும் வேண்டுமானால் சிவப்பு ரோஜாவை இரண்டாவதாக வையுங்கள். மஞ்சளைத் தொட்டியில், செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து. நர்சரிக்குப் போனால் பூவைப் பார்க்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள், ஒட்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கும் முன், மழை தொடங்கியதும், பன்னீர் ரோஜா வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி கேட்டு வாங்கி நடுங்கள்.