ஈப்போ ரயிலடிக்கு அப்பால்

அன்புள்ள தோழிக்கு,

கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் ஈப்போ வந்து சேர்ந்தேன். 1917-இல் திறந்த வெள்ளை நிற ரயிலடி இன்னும் கம்பீரமாக நிற்கிறது. ரயிலில் சக்கர நாற்காலிக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தெருவில் இறங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. பழைய நகரத்துக் கடைகளின் முன்நடையில் ஒவ்வொரு கடைத் தரையும் ஒவ்வோர் உயரம். இரண்டு கடை தாண்டுவதற்குள் ஒரு படி வந்துவிடுகிறது. அதனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இந்த ஊரில் வண்டிதான் கால்.

அந்த வண்டி எப்படி இருக்கிறது என்று ஈப்போவை அடுத்த சுங்கை சிப்புட் பக்கம் பார்த்தேன். பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வரிசை வீட்டை விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீட்டுக்கு வந்து பல வருஷமாகிறது. இனிப்பு நீரால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நீரிழிவு நோய். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அவரைப் போன்றவர்கள் தோட்டத்து ஜனங்களிடையே ஏராளம்.

கைப்பேசியில் அழைத்த கார் வந்தது. சின்னக் கார். மருமகன் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். பெரியவர் இருக்கிற காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி, இடுப்பை முதலில் உள்ளே வைத்து, தலை இடிக்காமல் குனிந்தார். நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தபோது மூடி சாத்தவில்லை; கயிறு போட்டுக் கட்டினார்கள். ஓட்டுநர் முகம் சுளிக்காமல் இறங்கி உதவினார். ஆனால் நாலு மணி நேரச் சிகிச்சை முடிந்து, ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும் வேளையில், இதே தூக்கல் மறுபடியும் நடந்தாக வேண்டும். மருமகனுக்கு வேலை இருக்கும் நாளில் யார் தூக்குவது?

மலேசியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2008-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. மீறினால் தண்டனை மட்டும் அதில் இல்லை. ஆனாலும் இங்குள்ளவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. நடக்க முடியாதவர்களை ஏற்ற மறுத்த மலிவுக் கட்டண விமானச் சேவைக்கு எதிராக 2007-இல் சக்கர நாற்காலிகளோடு விமான நிலையத்துக்கே போனார்கள். அதன் பிறகு அவர்களை விமானத்தில் ஏற்றும் தூக்கு வண்டிகள் வந்தன. விமானத்துக்கு ஒரு நிறுவனம் இருந்தது, அதன் வாசலில் போய் நிற்க முடிந்தது. வாடகைக் காருக்கு யார் வாசலில் நிற்பது? இப்போது ஓடுவதில் பெரும்பகுதி ஓட்டுநரின் சொந்தக் கார். கடன் கட்டிக்கொண்டிருக்கும் அவரிடம் சரிவுப்பலகை வை என்று கேட்பது நியாயமே இல்லை.

கேட்க வேண்டியது உரிமம் கொடுக்கும் இடத்தில்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். லண்டனில் சக்கர நாற்காலி ஏறாத கறுப்பு டாக்சிக்கு 2000-லிருந்து உரிமம் கிடையாது. ஓட்டுநரின் நல்ல மனதை நம்பி அந்த நகரம் காத்திருக்கவில்லை. வண்டி மட்டும் போதாது என்பதையும் ஜப்பான் காட்டியது. 2017-இல் டொயோட்டா கொண்டுவந்த டாக்சியில் சரிவுப்பலகை இருந்தும், அதை விரித்துப் பொருத்த வெகுநேரம் பிடித்ததால் ஓட்டுநர்கள் தயங்கினார்கள்; பயணிகள் முறையிட்ட பின் 2019-இல் அமைப்பைத் திருத்தினார்கள். நம் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் 2024-இல் வந்ததும் நீதிமன்றப் படியேறிப் போராடியதால்தானே. அதில் உன் பங்கை நான் மறக்கவில்லை. ஆனால் பேருந்து வீட்டு வாசலுக்கு வராது. தோட்டத்துச் செம்மண் பாதைக்கு வரவே வராது.

ஈப்போ இருக்கும் பேரா மாநிலத்துக்கு ஆயிரக்கணக்கில் வண்டி வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியையும் சுத்திகரிப்பு மையங்களையும் சுற்றி ஓடச் சில வேன்கள் போதும். ஓட்டுநர் தலையில் செலவைக் கட்டாமல், மாநிலம் மானியம் கொடுத்து, சாதாரண டாக்சிக் கட்டணத்திலேயே ஓட்ட வேண்டும்.

ஈப்போவில் ஒரு பட்டறைக்காரர் பழைய வேன் ஒன்றை மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வாங்க வரைபடம் வேண்டுமாம். சக்கர நாற்காலி ஏறும் உங்கள் மையத்து வேனை அளந்து அனுப்பு: பின்கதவின் உயரம், தாழ்த்திய தளத்தின் ஆழம், சரிவுப்பலகையின் நீளம், நாற்காலியின் நான்கு மூலையையும் தரையோடு இறுக்கும் பட்டைகள் எங்கே பொருத்தியிருக்கின்றன என்பது. ஆளுக்கான பட்டை தனி என்பதையும் படத்தில் குறித்துவிடு. இந்த வாரமே அனுப்பினால் நான் கிளம்புவதற்குள் அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உன் தோழி