மாடிப்படி எங்கே இறங்க வேண்டும்?

மனையில் நூல் பிடிப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். திருக்கோகர்ணத்தில் பெரும்பாலும் முன்னால் ஒரு கடை, பின்னால் தங்கள் குடியிருப்பு, மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன் என்றே கேட்டு வருகிறார்கள். படி ஹாலுக்குள் இருந்தால், குடிவர நினைப்பவர் ‘நம்மாளா’ என்ற விசாரணை கட்டாயம் வரும். படியை நேரே தெருவில் இறக்கி, தண்ணீருக்கும் மீட்டருக்கும் தனிவழி வைத்துவிடுவேன். சாதி கேட்கும் வழக்கம் அதனால் ஒழியாதுதான். ஆனால் ‘எங்க ஹால் வழியா நடக்கணுமே’ என்ற சாக்கு போய்விடுகிறது. அதுவே எனக்குப் பெரிது.

வெவ்வேறு சாதியினரை அடுத்தடுத்துக் குடிவைப்பதை அரசு நேரடியாகவே செய்து பார்த்தது. 1997இல் அறிவித்த சமத்துவபுரத் திட்டத்தில் முதலாவது மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் எழுந்தது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் பல சமத்துவபுரங்கள் ஊருக்கு வெளியே அமைந்தன. பிழைப்பும் கடைத்தெருவும் வேறிடத்தில் இருந்தன.

இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு அந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தது. சுமார் 6,500 மனைகள். வசதியானவர்களுக்கு விற்ற மனைகளின் பணம் ஏழைகளின் மனைகளைத் தாங்கியது. ஏழைக் குடும்பத்துக்கு அடித்தளமும் கழிப்பறையும் தயாராக இருக்கும். மிச்சத்தைக் கையில் காசு சேரச் சேர அவர்களே கட்டிக்கொள்ளலாம், முன்பக்கம் கடையும் போடலாம். 1995இல் அது ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.

திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயிலை ஒட்டிய நம் தெருக்களில் அவ்வளவு இடம் ஏது? இங்கே எல்லாம் வாசலில்தான் முடிவாகிறது. மழைநீர் ஏறாமலிருக்க வீட்டுத் தரையை ஒன்றரை அடி உயர்த்துகிறோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி ஏற 12 அடி ஓட வேண்டும். அந்தக் கணக்கில் ஒன்றரை அடிக்கு 18 அடி. தெருமுகப்பில் அது கிடைக்காது. அதனால் கடைத் தரையை மட்டும் அரையடிக்கு இறக்கி, சுவரை ஒட்டி ஆறடியில் சாய்தளத்தை முடிக்கிறேன். பக்கத்திலேயே வீட்டுத் தரைமட்டத்தில் ஒரு திண்ணை. ஒன்றரை அடி, உட்காரச் சரியான உயரம். கடைக்கு வந்தவரும், மாடிக் குடித்தனக்காரரும், கோயிலுக்குப் போகிற பாட்டியும் அதில் உட்காரலாம்; கிரில் போட மட்டும் நான் சம்மதிப்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி தெருவில் போடும் தார். பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் சில தடவைகளிலேயே அந்த அரையடி காணாமல் போய், கடைக்குள் தண்ணீர் வந்துவிடும். ரோடு போட ஆள் வந்தால் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லிச் சேர்ந்து நில்லுங்கள் என்று, வீட்டுக்காரர், கடைக்காரர், மாடிக்காரர் மூவரிடமும் குடிபுகும் அன்றே சொல்லிவிடுகிறேன்.