தசமங்களின் பொது மடங்கு

தசம எண்களுக்கும் பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) உண்டு. முழு எண்களில் பழகிய மாணவரைத் தயங்க வைப்பது புள்ளி ஒன்றுதான்.

நெடுங்கேணியில் ஓர் ஒழுங்கையின் இரு பக்கமும் வேலி அடைக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு பக்கம் 2.4 மீற்றருக்கு ஒரு கட்டை, எதிர்ப்பக்கம் 2.25 மீற்றருக்கு ஒரு கட்டை. முதற் கட்டைகள் நேருக்கு நேர் நிற்கின்றன. மறுபடி எங்கே நேர்படும்? சென்ரிமீற்றரில் அவை 240, 225, பொ.ம.சி. 3600. ஆகவே 36 மீற்றரில் நேர்படும்: இந்தப் பக்கம் 15 இடைவெளி, அந்தப் பக்கம் 16. நூறால் பெருக்கிப் பின் நூறால் வகுப்பது அலகை மாற்றித் திரும்ப மீற்றருக்கு வருவதுதான்.

ஒவ்வோர் எண்ணிலும் தனித்தனியே புள்ளியை நீக்கினால் கணக்குப் பிழைக்கும். 24, 225 என்று எடுத்தால் 1800 வரும். நூறால் வகுத்தால் 18 மீற்றர். அங்கே ஒரு பக்கம் எட்டாவது இடைவெளி முடிய, மறுபக்கம் ஏழரை இடைவெளிதான் ஆகியிருக்கும், கட்டையே இராது. பத்தால் வகுத்தால் 180. அது பொது மடங்கு, ஆனால் சிறியது அல்ல. தசம இடங்கள் மிகுந்த எண்ணுக்கு வேண்டிய பத்தின் அடுக்கால் எல்லா எண்களையும் பெருக்க வேண்டும். இதை விதியாக மனனம் செய்வதைவிட வேலியில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

கட்டைகளின் தூரம் மனிதர் தீர்மானித்தது. இயற்கையில் அளந்தெடுத்த தசமங்களின் குணம் வேறு. வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை நடக்கிறது. பூரணையும் கிழமையும் மீண்டும் சேரும் காலத்தைப் பொ.ம.சி.யால் தேடலாம். பூரணைக்குப் பூரணை சராசரியாக 29.5 நாள் என்றால் 7 உடன் கிடைப்பது 413 நாள். 29.53 என்று திருத்தினால் 20,671 நாள், ஏறத்தாழ 57 ஆண்டு. 29.530588 என்றால் 5,16,78,529 நாள், ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ஆண்டுக்கும் மேல்! அளவு துல்லியமாகத் துல்லியமாக விடை கைக்கெட்டாமல் ஓடுகிறது. இங்கே தேவைப்படுவது சரியான பொது மடங்கு அல்ல, போதுமான அளவு நெருங்கிய மடங்கு.

வாக்கிய பஞ்சாங்கக் கணிதர் கண்ட வழி அதுவே. சந்திரன் பூமிக்கு மிக அண்மையான நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வரச் சராசரியாக 27.55455 நாள் ஆகும். ஒன்பது சுற்றுக்கு 247.99 நாள். அதை 248 என்று கொண்டு நாளுக்கு ஒன்றாக, சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 சந்திர வாக்கியங்கள் அமைத்தனர்; அவற்றை வரருசியின் பெயரால் வழங்குவர். விடுபடுவது 13 நிமிடம். சுற்றுகள் கூடக்கூட அது சேர்ந்துவிடும் என்பதால் 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12,372 நாள் என்ற பெரிய மடங்குகளையும் வைத்துக்கொண்டனர். 3031இல் வரும் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களை 12,372ஆலும், மிச்சத்தை 3031ஆலும், அதன் மிச்சத்தை 248ஆலும் வகுத்தால் கடைசியில் எஞ்சும் எண், பார்க்க வேண்டிய வாக்கியத்தைக் காட்டும். வகுத்து நீக்கிய சுழற்சிகளுக்குரிய துருவங்களை, அதாவது அவற்றுக்காகச் சேர்க்க வேண்டிய சந்திர நகர்வை, அவ்வாக்கியம் தரும் நிலையுடன் கூட்டி அன்றைய சந்திரனின் இடத்தைக் கணிப்பர்.