பட்டியலின் அடியிலிருந்து

1982ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியனாகச் சேர்ந்தேன். நாள்தோறும் காலையிற் பண்ணைத் தாம்போதியைச் சைக்கிளிற் கடந்தே அங்கு செல்லல் வேண்டும். இருபுறமும் கடல், காற்றை மறைப்பதற்கு ஒரு மரந்தானும் இல்லை. சோளகம் எழுந்துவிட்டாற் காற்று நேரே நெஞ்சிலே வந்து மோதும். மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். என்னுடன் வந்த மூத்த ஆசிரியர் ஒருவர், நான் களைத்துப் பின்தங்குவதைக் கண்டு ஒருநாள் சொன்னார்:

"தம்பி, எனக்குப் பின்னாலை ஒட்டி வாரும். காத்தை நான் பாக்கிறன்."

அவரது முதுகின் மறைவிற் சென்றபோது காற்று இருந்த இடமே தெரியவில்லை. அரைவாசித் தூரத்தில் நான் முன்னே சென்றேன்; அவர் எனக்குப் பின்னே வந்தார். அன்றுதொட்டு அதுவே எங்கள் வழக்கமாயிற்று. பிறருக்காகக் காற்றை வாங்கிக்கொள்வது பெரியதொரு தத்துவம் என்று அப்பொழுது நான் எண்ணவில்லை. பாடசாலை மணி அடிப்பதற்குள் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

எட்டு ஆண்டுகளின் பின், நாட்டு நிலைமை என்னைப் பாரிஸ் நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையிற் கொண்டுபோய் நிறுத்தியது. கரும்பலகை முன்னே நின்றவன் பாத்திரம் கழுவும் தொட்டி முன்னே நின்றேன். எனக்கு அடுத்த தொட்டியில் நின்றவர் போர்த்துக்கல் நாட்டு முதியவர். விவசாயக் குடும்பத்தில் வந்தவர். அவரும் அரைகுறைப் பிரெஞ்சு, நானும் அரைகுறைப் பிரெஞ்சு. ஆகவே நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். 1991ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவர் என்னைத் தூர் த பிரான்ஸ் சைக்கிள் ஓட்டப்போட்டியின் இறுதிநாளைக் காண்பதற்கு அழைத்துச் சென்றார். "ரிக்கற் எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். தெரு யாருடையது? தெருவில் நடக்கும் போட்டிக்கு ரிக்கற் ஏது? ஏழையும் முதலாளியும் ஒரே வேலியிற் கைவைத்து நின்று பார்க்கும் பெருவிளையாட்டு இது ஒன்றே என்றார் அவர்.

ஷாம்ஸ் எலிஸே பெருவீதியில் அன்று நாங்கள் கண்ட காட்சியை நான் மறக்கமாட்டேன். வெற்றிக்கோடு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க, பச்சைச் சட்டை அணிந்து தலைகுனிந்து பாய்ந்த ஒருவர் வேலியில் மோதி, வண்டியோடு தூக்கியெறியப்பட்டார். அவர் தாஷ்கண்டில் பிறந்த சோவியத் வீரர் அப்துஜபாரொவ். கோட்டைக் கடந்தாலன்றிப் பச்சைச் சட்டை அவருக்கு உரித்தாகாது. நெடுநேரத்தின்பின், மருத்துவர்கள் துணைவர, அவர் எழுந்து அந்தக் கோட்டைக் கடந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆண்டின் வெற்றியாளர் இந்துரைன் என்னும் ஸ்பானியர். அவரது முகம் எனக்கு நினைவில் இல்லை. விழுந்தவரின் நடையே நினைவில் நிற்கிறது. அன்றிலிருந்து நான் இப்போட்டியின் இரசிகன் ஆனேன்.

இரசிகனாவது எளிது, விளங்கிக்கொள்வதற்கு நாட்கள் சென்றன. மூன்று வாரம் ஓடும் இப்போட்டியிற் பெயர் பெறுபவர் ஒருவர். ஆயின் ஓடுவது அணி. அக்காலத்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர். இன்று எட்டுப் பேர். ஒருவர் தலைவர், ஏனையோரிற் பெரும்பாலோர் அவருக்காக உழைப்பவர். முன்னே செல்பவரை ஒட்டிச் செல்பவருக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வலு மிஞ்சுகிறது. ஆகவே தலைவரைக் காற்றுப் படாமற் காப்பதே உழைப்பாளரின் முதற்கடமை. அவர்கள் பின்னே வரும் அணிக்காருக்குச் சென்று தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள்ளே திணித்துக்கொண்டு மீண்டும் முன்னே ஏறி வருவர். தலைவரின் சில்லுக் காற்றுப் போனாற் தமது சில்லைக் கழற்றிக் கொடுப்பர். மலையடிவாரம்வரை இழுத்துச் சென்று, வலு முழுவதும் தீர்ந்ததும் ஒதுங்கிக்கொள்வர். இவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர் 'தொமெஸ்திக்'. வீட்டு வேலைக்காரன் என்பதே அதன் பொருள். 1911இற் போட்டி அதிபர் தெகிரான்ஜ் ஒரு வீரரை இழித்துரைப்பதற்காக எடுத்தாண்ட சொல்லென்பர். வசை பின்னர் பதவியின் பெயராயிற்று.

எனது போர்த்துக்கல் நண்பர் இதனை விளக்கியபோது பண்ணைத் தாம்போதி என் கண்முன்னே வந்தது. ஆயின் ஒரு வேறுபாடும் உடனே புலப்பட்டது. அங்கே நாங்கள் முறைவைத்துக் காற்றை வாங்கினோம். இங்கே ஒரு சாராரே நாள்முழுதும் வாங்குகின்றனர். மறு சாரார் மறைவில் வருகின்றனர். வென்றவர் பரிசுப்பணத்தைத் தோழருக்குப் பகிர்ந்தளிப்பது மரபு; அது நல்ல மரபே. பணம் பகிரப்படுகிறது, பெயர் பகிரப்படுவதில்லை.

இப்போட்டி பிறந்த கதையும் இதனோடு ஒத்துப்போகின்றது. 1903இல் 'லோத்தோ' என்னும் விளையாட்டுப் பத்திரிகை தனது விற்பனையைப் பெருக்கிப் போட்டிப் பத்திரிகையை வீழ்த்துவதற்காகவே இதனைத் தொடங்கிற்று. அப்பத்திரிகை மஞ்சட் கடதாசியில் அச்சானது. முன்னணியில் இருப்பவருக்கு 1919இல் வழங்கத் தொடங்கிய மஞ்சட் சட்டையின் நிறம் அதிலிருந்து வந்ததென்பர். முதல் ஆண்டில் 60 பேர் புறப்பட்டு 21 பேரே முடித்தனர். வென்ற மொரிஸ் கராங் இளமையிற் புகைபோக்கி துடைத்தவர். சுரங்கத்திலும் வயலிலும் ஆலையிலும் தேய்ந்துகொண்டிருந்த இளைஞர்களுக்குச் சைக்கிள் ஒரு விடுதலை வழியாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த ஆசையை விலைகொடுத்து வாங்கியவர்கள் பத்திரிகை முதலாளிகளும் சைக்கிள், ரயர் உற்பத்தியாளருமேயாவர்.

நண்பரின் அறைச் சுவரிற் பழைய படமொன்று இருந்தது. வீதியோரச் சுவரிலே ஓர் இளைஞன் அமர்ந்திருக்கிறான்; அருகே முன்சில்லு இல்லாத சைக்கிள். 1934ஆம் ஆண்டு, பிரெனே மலைப்பகுதி. இருபது வயது ரெனே வியெத்தோ, தன் தலைவர் அந்தோனன் மாஞ்சுக்குத் தனது சில்லைக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சில்லுக்காகக் காத்திருக்கிறான். மறுநாளும் அவன், இறங்கிவந்த வழியே திரும்பி மலையேறித் தலைவருக்கு உதவினான். மாஞ் அவ்வாண்டு வென்றார். வியெத்தோ ஐந்தாமவனானான், எந்த ஆண்டிலும் அவன் வெல்லவில்லை. பிரான்ஸ் நாடு அவனைத் தியாகியாகக் கொண்டாடியது. நானும் அப்படத்தைப் பார்த்து உருகினேன். நண்பரோ, "அந்தப் பையன் அழுவதைப் பார். அவன் விரும்பிக் கொடுத்திருந்தால் ஏன் அழவேண்டும்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. பிறனது உழைப்பைப் பெற்றுக்கொள்பவர்கள் அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது எவ்வளவு வசதியானது!

ஆயின் இவர்கள் எக்காலமும் வாய்மூடி இருந்தவர்களல்லர். 1924இல், புறப்பட்டபோது அணிந்திருந்த சட்டைகள் அனைத்துடனுமே முடிக்கவேண்டும் என்னும் விதியைக் காட்டி அதிகாரி ஒருவர் தமது சட்டையைச் சோதித்தமைக்காக, முன்னைய ஆண்டின் வெற்றியாளர் ஆன்றி பெலிசியே தம்பியுடனும் தோழர் ஒருவருடனும் குத்தான்ஸ் என்னுமிடத்திற் போட்டியை விட்டு வெளியேறினார். அல்பேர் லோந்திர் என்னும் பத்திரிகையாளரிடம் தமது பையைத் திறந்து, உடலை ஓடச்செய்வதற்குத் தாம் பயன்படுத்திய கொக்கேயின், குளோரபோம், மாத்திரைகள் ஆகியவற்றை எடுத்துக் காட்டினார். 1978 ஜூலை 12ஆந் தேதி, ஒரே நாளில் இரு ஓட்டங்கள் வைத்து உறக்கத்தையும் பறித்த ஏற்பாட்டை எதிர்த்து, வீரர் அனைவரும் வலான்ஸ் தஜான் ஊரில் வண்டியை விட்டிறங்கி, கோட்டை நடந்தே கடந்தனர். முன்னணியில் நின்றவர் பெர்நார் இனோ என்னும் இளைஞர். அந்த ஓட்டம் செல்லாததாயிற்று. உலகின் மிக வேகமான கால்கள் நடக்கத் தீர்மானித்த அந்த நாளை, எந்த வெற்றியைவிடவும் நான் உயர்வாகக் கருதுகிறேன்.

இன்னும் உயர்வானது ஒன்றுண்டு. அது தொலைக்காட்சிக்கு அதிகம் அகப்படுவதில்லை. மலைநாட்களில் முன்னே தலைவர்கள் ஒருவரையொருவர் வீழ்த்த முயலுகையில், மிகப் பின்னே ஒரு கூட்டம் வரும். தலைவரை இழுத்துக் களைத்தோர், மலையேறும் வலுவற்ற வேக ஓட்டக்காரர், காயம்பட்டோர் எனப் பல அணியினரும் அதில் இருப்பர். 'குருப்பெத்தோ' என்று இத்தாலியச் சொல்லால் அதனை அழைப்பர். வென்றவரின் நேரத்துக்குமேல் குறித்த ஒரு விகிதத்திற் பிந்தி வருவோர் நீக்கப்படுவர் என்பது விதி. ஆகவே அனுபவசாலி ஒருவர் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்ல, அனைவரும் ஒரே வேகத்தில், காற்றை முறைவைத்து வாங்கிக்கொண்டு ஏறுவர். காலையிற் பகைவராயிருந்தோர் மாலையில் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுப்பர். 2011இல் கலிபியே மலையில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஒன்றாகவே நேரம் பிந்தி வந்தனர். அத்தனை பேரையும் நீக்கினாற் போட்டியே இராது. நடுவர்கள் அவர்களை ஏற்றுக்கொண்டனர். தனியே பிந்தியவன் வீட்டுக்குப் போகிறான். சேர்ந்து பிந்தியவர்கள் விதியை வளைக்கிறார்கள். தொழிற்சங்கம் பற்றி இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

இத்துடன் நிறுத்தினாற் கட்டுரை அழகாக முடியும். ஆயின் உண்மை முடியாது.

1999ஆம் ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்ரோங் என்னும் அமெரிக்கர் புற்றுநோயை வென்று வந்து போட்டியையும் வென்றார். நான் அவரை நம்பினேன். ஐயுற்றவர்களோடு வாதாடினேன். முன்னைய ஆண்டுதான் ஓர் அணியின் காரில் ஊக்கமருந்துகள் பிடிபட்டிருந்தன. ஆயினும் நம்பவே விரும்பினேன். அதே ஜூலையில் கிறிஸ்தொவ் பஸோன் என்னும் பிரெஞ்சு வீரர், இந்த வேகம் ஐயத்துக்குரியது என்று பத்திரிகையில் எழுதினார். கூட்டம் முழுவதும் அவரோடு பேசுவதை நிறுத்திற்று. ஆம்ஸ்ரோங் ஓட்டத்தின் நடுவே அவரை அணுகி, போட்டியை விட்டுப் போகுமாறு சொன்னார். பஸோன் வெளியேறினார். தண்ணீர் கொடுத்தோரும் காற்றைப் பகிர்ந்தோரும் அன்று வாய்திறக்கவில்லை. 2012இல் ஆம்ஸ்ரோங்கின் ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. ஆயின் பஸோன் இழந்த ஆண்டுகளை யார் மீட்டுக் கொடுத்தனர்?

அந்தக் கோடையில் எங்கள் சமையலறையிலும் ஒன்று நடந்தது. மாலி நாட்டு இளைஞன் ஒருவன், மேலதிக நேர வேலைக்குப் பணம் எங்கே என்று கேட்டான். அது எங்கள் எல்லோருக்கும் வரவேண்டிய பணந்தான். மறுவாரம் அவன் வேலையில் இல்லை. போர்த்துக்கல் நண்பர் அதற்கு முன்னரே ஓய்வுபெற்றுச் சென்றுவிட்டார். ஏனைய நாங்கள் ஏழு பேர். ஏழு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றோம். எனக்கு விசாப் பிரச்சினை, இன்னொருவருக்குப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் நியாயம் இருந்தது. அன்றிரவு நான் அறைக்குச் சென்று ஓட்டத்தின் முடிவைக் கேட்டு மகிழ்ந்தேன். பஸோனைக் கைவிட்ட கூட்டத்திற்கும் எனக்கும் தொடர்பிருப்பதை உணர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

ஒன்றாக மிதிப்பது மாத்திரம் ஒற்றுமை ஆகாது என்பதே இதனால் நான் கற்றது. காற்றைப் பகிரும் அதே கூட்டம் மௌனத்தையும் பகிரக்கூடும். எதன்பொருட்டுச் சேர்ந்தோம் என்னும் கேள்வியை எழுப்பாத ஒற்றுமை, முதலாளிக்குக் கிடைத்த மலிவான காவலாளியே.

இப்பொழுது நான் ஊரில் இருக்கிறேன்; மாலை வேளைகளிற் சில பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கிறேன். ஜூலை வந்தால் இன்றும் போட்டியைப் பார்க்கிறேன். ஆயின் முடிவுப் பட்டியலை அடியிலிருந்தே வாசிக்கிறேன். கடைசியாக வருபவரைச் 'சிவப்பு விளக்கு' என்று அங்கே அழைப்பர். முற்காலத்தில் புகையிரதத்தின் கடைசிப் பெட்டியிற் சிவப்பு விளக்குத் தொங்கும். அதைக் கண்டபின்னரே, இடையில் எந்தப் பெட்டியும் கழன்றுவிடவில்லை, வண்டி முழுமையாக வந்துவிட்டது என்று நிலையத்தார் அறிவர். முதற்பெட்டி வந்தது கண்டு வண்டி வந்துவிட்டதென எண்ணுவோர் நம்மிடையே மிகப் பலர். பெறுபேற்றுப் பட்டியலின் உச்சியை மாத்திரம் வாசிக்கும் ஆசிரியர்களும் அவருள் அடங்குவர். நானும் அவ்வாறு வாசித்தவனே.

சென்ற ஜூலையில் மாணவன் ஒருவன், நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கேட்டான்: "சேர், இண்டைக்கு ஆர் வெண்டது?"

"பொறடா," என்றேன். "இன்னும் ஆக்கள் வந்து முடியேல்லை."