பூனையும் பிங்க் புத்தகமும்

போன வாரம் மன்னார்குடியிலிருந்து அக்கா போன் போட்டாள். மருமகளுக்கு மூன்றாம் மாதம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "டார்ச் டெஸ்ட் எடுத்தாச்சா? மொதல்ல அந்தப் பூனையை எங்கேயாவது கொண்டு விடு" என்று ஆரம்பித்துவிட்டாள். டார்ச் என்பது டாக்ஸோபிளாஸ்மா முதலிய தொற்றுகளைக் கர்ப்பிணியிடம் பார்க்கும் ரத்தச் சோதனை. அந்தக் கிருமி பூனையிடமிருந்து வந்துவிடும் என்பது அவள் பயம். மறுநாள் மலேசியாவில் நாங்கள் இருக்கும் பீடோரில், கிளினிக் மிஸ்ஸியிடம் கேட்டேன். நர்ஸம்மாவை இங்கே மிஸ்ஸி என்பார்கள். "அதெல்லாம் எல்லாருக்கும் எடுக்கறதில்லம்மா, டாக்டர் சொன்னாத்தான்" என்றவர், கர்ப்பகாலப் பதிவுக்கான பிங்க் புத்தகத்தில் வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி மருமகள் கையில் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலேசியாவில் ஒரு பெண் உண்டாகிவிட்டால் பிரசவம்வரை ஆபத்தின் அளவுக்கேற்ப அவளுக்கு ஒரு நிறம் உண்டு. வெள்ளை என்றால் மிஸ்ஸியே பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் கிளினிக் டாக்டர். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்பியாக வேண்டும். சிவப்பு விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவை போகும்போதும் நிறத்தை மறுபடி பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் ஏறினால் நிறமும் மாறும். பக்கத்து வீட்டம்மா "எத்தனை மாசம்?" என்பதற்கு முன்னால் "என்ன கலர்?" என்றுதான் கேட்டார். ரத்தச் சோதனையில் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி எல்லாம் தவறாமல் பார்க்கிறார்கள். எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு.

அப்படிப்பட்டவர்கள் டாக்ஸோபிளாஸ்மாவை ஏன் விட்டுவிட்டார்கள்? பிரான்சில் 1978இல் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். 1992க்குப் பிறகு, முன்பு தொற்று வராத பெண்ணுக்கு மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள். வேகாத கறி வழியாகவும் அந்தக் கிருமி வரும். அங்கே ஆட்டையும் மாட்டையும் ரத்தம் சொட்டச் சொட்டச் சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்கு அது வேண்டியதுதான். நம் வீட்டில் கறி எலும்பிலிருந்து கழன்று விழும்வரை அடுப்பை அணைப்போமா? அந்தக் கிருமிக்கு நம் குக்கரின் நான்காவது விசிலைத் தாங்கும் தெம்பு கிடையாது.

என் பெருமையில் மண்ணைப் போட்டது ஓர் ஆய்வு. கோலாலம்பூரில் 200 கர்ப்பிணிகளைச் சோதித்து 2003இல் வெளியிட்டது. ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொற்றின் அடையாளம் இருந்தது. மலாய்க்காரரிலும் இந்தியரிலும் பாதிக்கு மேல். சீனரில் ஐந்தில் ஒருவர்தான். "அவங்க எதையும் சாப்பிடாம விட மாட்டாங்க" என்று நம்மவர்கள் எகத்தாளம் பேசுவது யாரை என்று உங்களுக்கே தெரியும். வெந்த கறி மட்டும் போதாது, மண்ணும் கணக்கில் உண்டு. பூனையின் மலத்திலிருந்து மண்ணுக்குப் போகிறது, மண்ணிலிருந்து கீரைக்கு. இங்கே வல்லாரையைப் பச்சையாகவே சம்பலில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள்.  

பூனையைத் துரத்த வேண்டியதில்லை. வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறை, ஓரிரு வாரம்தான் அது கிருமியை வெளியேற்றும். அதுவும் தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் மலத்தை அள்ளிக் கொட்டினால் போதும். கர்ப்பிணி அள்ளக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த வேலை இப்போது மகனுக்கு.

அக்கா சொல்லும் டார்ச் டெஸ்ட்மீதுதான் எனக்குக் கோபம். கர்ப்பத்துக்கு முன்பே தொற்று வந்து போயிருந்தால் பிள்ளைக்குப் பொதுவாக ஆபத்தில்லை. வராதவளுக்கு இன்று 'இல்லை' என்று வந்தால் அடுத்த மாதத்துக்கு அது என்ன உத்தரவாதம்? பிரெஞ்சுக்காரர்கள் மாதாமாதம் எடுத்தது அதனால்தான். ஒரே ஒரு தடவை எடுத்து பயத்தைக் கையில் கொடுத்து அனுப்பும் நம்மூர் லேப் வழக்கத்தைவிட, எடுக்காமலே இருக்கும் பீடோர் கிளினிக் எவ்வளவோ மேல். கீரையைக் கழுவு, கறியை வேகவை, தோட்டத்தில் கை வைத்தால் சோப்புப் போடு என்று அந்தப் பிங்க் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பக்கம் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

உங்கள் வீட்டுப் பெண்ணின் டாக்ஸோபிளாஸ்மா ரிப்போர்ட்டில், புதுத் தொற்றின் அடையாளமாகப் பார்க்கும் ஐ.ஜி.எம். 'பாசிட்டிவ்' என்று வந்தால் உடனே எந்த முடிவுக்கும் போய்விடாதீர்கள். பழைய தொற்றுக்கும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அப்படியே காட்டும். தொற்று பழையதா புதியதா என்று பிரித்துக் காட்டும் 'அவிடிட்டி' என்ற சோதனையைக் கேட்டு வாங்குங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்து அது அதிகம் என்று வந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முந்தையது.