தண்ணீர் போகும் திசை

2022 செப்டம்பர் 5, திங்கள். பெங்களூரு

ரப்பர் படகில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே திருப்பிப் போட்டு, அதன் பிறகே உடலை நகர்த்த வேண்டும். நின்றபடி ஒரு காலை வைத்தால் படகு விலகிப் போகும். ஆள் நடுவில் விழுவார். சர்ஜாபூர் சாலைக்கும் வெளிவட்டச் சாலைக்கும் இடைப்பட்ட குடியிருப்பு ஒன்றில் மீட்புப் படையினர் இன்று காலை இதை வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இரவில் கொட்டிய மழை 131.6 மி.மீ. விடிந்தபோது தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கார்களின் கூரைகள் மட்டும் வெளியே தெரிந்தன. பிரதான சாலை வரை டிராக்டர்கள் ஓடின. மடிக்கணினிப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பியவர்களும் அவற்றில் இருந்தார்கள்.

ஒரு வீட்டில் 76 வயது மூதாட்டி படகில் ஏற மாட்டேன் என்றார். அவர் கடலூருக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றங்கரையில் பிறந்தவர், பயந்ததாகத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராததுதான் சிக்கல்.

“இந்தத் தண்ணி எங்கப்பா போவுது? அதச் சொல்லு மொதல்ல. அப்புறம் ஏறுறேன்.”

மகனுக்குத் தெரியவில்லை. துடுப்புப் பிடித்திருந்த இளைஞருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு மென்பொறியாளர் மாடியில் நின்றபடி கைப்பேசி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். படகு நகர்ந்தபோது மூதாட்டி வலது கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தார். சாக்கடை கலந்த தண்ணீர் என்று சொல்லியும் கையை எடுக்கவில்லை.

செப்டம்பர் 6

தெருவில் இன்னும் முழங்கால் அளவு; குழாயில் சொட்டு இல்லை, மண்டியா மாவட்டத்து டி.கே.ஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்து காவிரிக் குடிநீர் நின்றுவிட்டது.

செப்டம்பர் 18, ஞாயிறு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது. ஊருக்கென்று பெரிய ஆறு கிடையாது. அதனால்தான் பழைய ஆட்சியாளர்கள் ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். தமிழ்நாட்டில் வாய்க்கால் என்பதற்கு இங்கே ராஜகாலுவே என்று பெயர். பெயரில்தான் ராஜா, பல இடங்களில் அதன் மேல் சுற்றுச்சுவரும் வாகன நிறுத்துமிடமும் நிற்கின்றன.

நகரின் தென்கிழக்குச் சரிவில் விழும் மழை பெள்ளந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போகிறது. பிறகு தட்சிண பினாகினி. எல்லை தாண்டியதும் அதுவே தென்பெண்ணை. ஓசூரின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது இந்த ஏரிகளின் கழிவால். அதன் பின் கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர். கடைசியில் கடலூர்.

இதைப் படித்துக் காட்டியபோது மூதாட்டி தலையாட்டவில்லை. “எங்க ஊருக்கா போவுது” என்றார், கேள்வியாகவும் இல்லாமல் பதிலாகவும் இல்லாமல். ஒரு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டுச் சுவரில் மூன்றடி உயரத்தில் பழுப்புக் கோடு.

அக்டோபர் 16, ஞாயிறு

கார்வார் கடற்கரைத் தீவுகளுக்கு வழிகாட்டியோடு மூன்று நாள் கயாக் பயணம். முன்பயிற்சி நகருக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கத்தில். பதிவுப் படிவத்தில் ‘சேர விரும்பும் காரணம்’ என்று ஒரு கட்டம்; வெறுமையாக விடப்பட்டது.

கயாக் வடதுருவப் பகுதி இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துவார்கள். இன்று அந்த இடத்தில் ஃபைபரும் பிளாஸ்டிக்கும். கடல் கயாக் ஐந்து மீட்டருக்கும் மேல் நீண்டு, இடுப்பு நுழையும் அளவே அகன்றிருக்கும். முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள். கவிழ்ந்தாலும் மிதப்பதற்கும் மூட்டை வைப்பதற்கும் அவைதான். கட்டுமரத்தில் ஏறி நிற்கலாம், இதற்குள் இறங்கி உட்கார வேண்டும். கட்டையை உடலின் கீழே கட்டியவர்களும் படகை உடலைச் சுற்றி உடுத்திக்கொண்டவர்களும் கடலை ஒரே மாதிரி நினைத்திருக்க முடியாது.

முதல் பாடம் கவிழ்வது. தலைகீழாகத் தொங்கியபடி, இடுப்பை மூடிய விரிப்பின் பட்டியைப் பிடித்து முன்னோக்கி இழுத்து, உருண்டு வெளியே வர வேண்டும். ஐந்து விநாடி வேலை. முதல் தடவை அது ஐந்து விநாடியாகத் தெரியாது. அடுத்த பாடம், கவிழ்ந்தவரின் படகு முனையை இன்னொருவர் தன் படகின் குறுக்கே தூக்கிப் போட்டுத் தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, ஆளை ஏற்றுவது. ஏற்ற வேண்டியவருக்குப் பதற்றம் கூடாது. மூன்றாவது முயற்சியில்தான் முடிந்தது. மூக்கில் தண்ணீர் ஏறி, மாலை வரை தலைவலி.

டிசம்பர் 9, வெள்ளி

பயணம் ரத்து. மாண்டஸ் புயல் இன்றிரவு மாமல்லபுரம் அருகே கரையேறுகிறது. பெங்களூரில் வெயிலே இல்லை, தூறலும் குளிரும். கூரையில் சத்தம் கேட்டால் மூதாட்டி எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறார். இரவில் நான்கு முறை.

டிசம்பர் 14

வலுவிழந்த புயல் தீபகற்பத்தைத் தாண்டி அரபிக்கடலில் இறங்கி மறுபடி வலுக்கிறதாம்.

டிசம்பர் 22, வியாழன்

தள்ளிப்போன பயணம் இன்று தொடங்கியது. கார்வாருக்குப் போகும் ரயிலின் பெயர் பஞ்சகங்கா: குந்தாப்புரா அருகே கங்கொள்ளியில் கூடும் ஐந்து ஆறுகளால் வந்த பெயர். சக்லேஷ்பூர் தாண்டி 57 சுரங்கங்கள். பெங்களூரில் கிழக்கே போகும் தண்ணீர், மேற்குத் தொடர்ச்சி மலையின் நெற்றியைத் தாண்டியதும் மேற்கே போகிறது. தூங்குபவர்களுக்கு அந்த இடம் தெரியாது.

டிசம்பர் 23, வெள்ளி. தேவ்பாக்

காளி ஆறு கடலில் கலக்கும் இடம். தென்கரையில் கார்வார், வடகரையில் சதாசிவகடக் கோட்டை மலையும் சவுக்கு நிறைந்த தேவ்பாக் கடற்கரையும். இன்று அமாவாசை. கடலின் ஏற்ற இறக்க வேறுபாடு இந்த நாட்களில் சுமார் இரண்டு மீட்டர். வடியும் நேரத்தில் ஆற்று நீர் வெளியே பாய, உள்ளே வரும் அலை அதன்மேல் மோதி, கழிமுகத்தில் ஒரே இடத்தில் நின்று கொதிக்கும். இறங்குவதும் கரையேறுவதும் இந்த நேரத்தைக் கணக்கிட்டுத்தான்.

மூட்டை அடுக்குவதிலேயே பாதி மாலை போயிற்று. கனமானவை அடியிலும் நடுவிலும். கூடாரமும் துணியும் முனைகளில். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் குடிநீர். அதுவே மிகப் பெரிய சுமை. கடலுக்குப் போகிறவர் தண்ணீர் சுமப்பதில் ஒரு கேலி இருக்கிறது, யாரும் சிரிக்கவில்லை.

வழிகாட்டி உள்ளூர் மீனவக் குடும்பத்தவர். கொங்கணியில் யோசித்துக் கன்னடத்தில் பேசுகிறவர். துடுப்புப் போடும் முறை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மணலில் அரைமணி நேரம் உட்கார வைத்தார். ஒரு தென்னை மட்டையைத் தண்ணீரில் எறிந்து, “நீரு எல்லிகெ ஹோகுத்தெ, மொதலு அது நோடி” என்றார். தண்ணீர் எங்கே போகிறது, முதலில் அதைப் பாருங்கள்.

மட்டை தெற்கே போய், நின்று, பிறகு மெல்ல மேற்கே திரும்பியது.

டிசம்பர் 24, சனி

விடிந்ததும் இறக்கினார்கள். குளிர்காலக் காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு. நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து கரைக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள அமைதியில் கடந்துவிட வேண்டும். சுமை ஏற்றிய படகு மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகும். தீவை நோக்கி நேராக மூக்கை வைத்தால் தீவுக்குப் போக முடியாது. நீரோட்டம் (கடலூர்ப் பக்கத்தில் நீவாடு) எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு எதிர்ப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். போக வேண்டிய இடம் ஒன்று, பார்க்க வேண்டிய இடம் வேறொன்று. மரமும் பாறையும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தபடி இருந்தால் நகர்வு தெரியும்.

கழிமுகத்தைத் தாண்டியதும் நீண்ட அலைகள். பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் போகும் படகு மறைந்து, வெறும் தொப்பி தெரியும். பிறகு அதுவும் இல்லை. இரட்டைப் படகில் பின்னால் இருந்தவருக்கு அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. ஏன் என்று அவரால் பிற்பாடு விளக்க முடியவில்லை. அலை பெரிதும் அல்ல. வழிகாட்டி அருகே வந்து தன் படகை ஒட்டி நிறுத்தி, வெயில் பற்றியும் மீன் விலை பற்றியும் பேசினார். கயாக்கில் கை நின்றால் படகு நிலை இழக்கும். துடுப்பு நீரில் இருக்கும்வரை அது மூன்றாவது கால். சற்று நேரத்தில் கை நகர்ந்தது. கூனல் ஓங்கில்கள் இரண்டு இடப்பக்கம் முதுகைக் காட்டிவிட்டுப் போயின. யாரும் படம் எடுக்கவில்லை.

கூர்மகட், ஆமை வடிவத் தீவு. மேலே நரசிம்மர் கோயில். மேட்டில் நின்றால் தேவ்கட் பாறையின் கலங்கரை விளக்கம் தெரிகிறது, 1864இலிருந்து எரிகிறது. தெற்கே அஞ்சதீவு. வாஸ்கோ ட காமா 1498இல் அங்கே தங்கினார். 1961 டிசம்பரில் கோவா மீட்பின்போது அந்தத் தீவில் இந்தியக் கடற்படையினர் ஏழு பேர் இறந்தார்கள். இன்று ஐ.என்.எஸ். கடம்பா தளத்தின் எல்லைக்குள் வருவதால் கயாக் நெருங்கக் கூடாது.

இரவு

சோறு, மீன் குழம்பு, சோல் கடி என்னும் பானம். உணவின்போது வழிகாட்டி 2019 சனவரி 21ஐப் பற்றிச் சொன்னார். நரசிம்மர் ஜாத்திரைக்கு வந்து திரும்பிய படகு கவிழ்ந்து 16 பேர் இறந்த நாள். காலையில் கடந்து வந்த அதே கடல்தான். அவர் சொன்ன விதத்தில் கதைச் சுவை எதுவும் இல்லை. சொல்லி முடித்ததும் எழுந்து போய் லைஃப் ஜாக்கெட்டுகளை மறுபடி எண்ணினார்.

நிலவில்லாத இருட்டு. கரையோர அலை உடையும் இடத்தில் நீல ஒளி ஓடியது. நாக்டிலூகா என்னும் ஒற்றைச்செல் உயிரி, அசைத்தால் ஒளிரும். கையைத் தண்ணீரில் விட்டு இழுத்தால் விரல்களின் பின்னால் ஐந்து கோடுகள். அதை வெகுநேரம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், மற்றவர்கள் தூங்கப் போன பிறகும்.

டிசம்பர் 25

திரும்பியாயிற்று. காற்று முன்னதாகவே எழுந்துவிட்டது. தோள்பட்டை தூக்க முடியவில்லை.

டிசம்பர் 27, செவ்வாய். பெங்களூரு

உப்பு நீரில் கிடந்த எதையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் ஜிப் பூத்துப்போகும், துணி விறைக்கும். வாசலில் இரண்டு வாளி வைத்து ஜாக்கெட்டும் பைகளும் அலசப்பட்டன. மூதாட்டி படியில் உட்கார்ந்து பார்த்தார். ராஜகாலுவே ஆக்கிரமிப்புகளை அளந்தவர்கள் தெருமுனைச் சுவரில் போட்ட சிவப்புக் குறி அப்படியே இருக்கிறது, சுவரும் இருக்கிறது.

“கடல் எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சும்மா.”

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. வாளியைக் கவிழ்த்ததும் உப்பும் மணலும் கலந்த தண்ணீர் வாசற்படியில் சற்றுத் தயங்கி, வடிகாலில் இறங்கிக் கிழக்கே போனது. அது வளைவு திரும்பும் வரை மூதாட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.